பூனைக்கு என்ன வயசு?

“டாக்டருங்க, வீதியிலே கிடந்துச்சுன்னு புள்ளை தூக்கிட்டு வந்துட்டா. இதுக்கு என்ன வயசு இருக்குமுங்க?” மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வந்த அம்மா, கூடையைத் திறந்து காட்டினார்.

அந்தியூர் ஆடிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் என்ன செய்வார்? பல்லைப் பார்ப்பார். பூனைக்கும் அதேதான்! உதட்டை மெல்லத் தூக்கினால் போதும். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள்.

பிறந்த 3-வது வாரத்தில் முன்பற்கள் எட்டிப் பார்க்கும். 2 மாதத்துக்குள் பால் பற்கள் 26-ம் வந்துவிடும். எல்லாம் ஊசி ஊசியாக இருக்கும். 4-வது மாதத்தை ஒட்டி முன்பற்கள் விழுந்து முளைக்கும். அடுத்து கோரைப்பல், பழசும் புதுசும் சில நாள் ஜோடியாகவே நிற்பதுண்டு! 7 மாதத்தில் மொத்தம் 30. அதற்குப் பிறகு மஞ்சள் காறையைப் பார்த்துச் சொல்வதெல்லாம் உத்தேசக் கணக்குதான். தீனியைப் பொறுத்து அது மாறும்.

இந்தக் குட்டிக்கு நடுவில் இரண்டு பல் மட்டும் பெரிசு. ஆக, சுமார் 4 மாதம்.

“ஊசிக்கு இன்னும் நாளாகும்னு இருந்தேனுங்களே!” என்றார். ரேபிஸ் தடுப்பூசியை 3 மாதம் முடிந்ததுமே போட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் கவனித்தேன், சிறுமியின் புறங்கையில் புதுக் கீறல். சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வைத்தேன்.

“ஏதாச்சும் பச்சிலை கட்டி விடுங்களேன்?”

சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இதற்குப் பச்சிலை கூடாது! குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்கும், சிறுமியை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கும் அனுப்பிவிட்டுத்தான் தைலத்தை எடுத்துக் கொடுத்தேன்.