கடனே வாங்காதவருக்கும் சிபில் சிக்கல்!

"நான் யாருகிட்டயும் ஒத்த ரூபா கடன் வாங்கினதில்லை சார். ஆனா மரச்செக்கு போட லோன் கேட்டா, சிபில் இல்லைன்னு திருப்பி அனுப்புறாங்க." நம் கூட்டங்களில் இளம் உழவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மண்ணோடு இருப்பவன் என்ற முறையில் இதற்கான வழியைச் சொல்கிறேன்.

யூரியாவுக்கும் பூச்சிக்கொல்லிக்கும் கடன்படாமல் வாழ்வது நமக்குப் பெருமை. ஆனால் வங்கிக் கணினிக்கு நம்ம நாணயம் தெரியாது. அதற்குத் தெரிந்தது 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண் மட்டும்தான். 750க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது என்பார்கள். கடனே வாங்காதவருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். பயிர்க்கடனுக்கு சிபில் பார்க்கக் கூடாது என்ற உழவர்களின் கோரிக்கை நியாயமானது. அதைத் தொடர்ந்து கேட்போம். அதுவரை அந்த வெற்றிடத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

எளிய வழி, நம் சொந்த வைப்புத்தொகையின் மேல் ஒரு சிறு கடன். 25,000 ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, அதன்மேல் 20,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வைப்புக்கு வட்டி 7 சதவீதம் என்றால் கடனுக்கு 8 சதவீதம் போல இருக்கும். 12 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 1,740 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் கடன் வட்டி 900 ரூபாய்க்குள் முடிந்துவிடும். நம் வைப்புக்கும் வட்டி வந்துகொண்டே இருக்கும். ஈடு கையிலேயே இருப்பதால் வங்கியும் மறுக்காது.

வாங்கும் முன் மேலாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்தக் கடன் விவரம் சிபிலுக்குப் போகுமா? மாதத் தவணையாகக் கட்ட முடியுமா?" இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால்தான் பயன். நகைக்கடனும் பதிவாகும். ஆனால் ஆண்டுக் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடனைவிட, மாதாமாதம் கட்டும் கடன்தான் நம் பழக்கத்தைத் தெளிவாகக் காட்டும். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தவணைத் தேதியைப் பால் பணமோ காய்கறிப் பணமோ கணக்கில் ஏறும் நாளுக்குப் பின்னால் வையுங்கள். கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரு தவணை தள்ளிப்போனாலும் அதுவும் பதிவில் ஏறும். ரெண்டே மாசத்துல முழுசும் கட்டி முடிச்சிடாதீங்க. ஒழுங்காகக் கட்டிய மாதங்கள்தான் பதிவாகின்றன. பலன் தெரியக் குறைந்தது ஆறு மாதமாவது ஆகும்.

பழைய கடன் நிலுவையில் இருந்தால் இந்த வழி அதை மறைக்காது. முதலில் அதை முடியுங்கள். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்றும், முழுதும் கட்டினால் 'க்ளோஸ்டு' என்றும் பதிவாகும். இரண்டும் ஒன்றல்ல. பங்காளிக்கோ நண்பருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் நம் அறிக்கையில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். பணம் கொடுத்தால் சிபிலை ஏற்றித் தருகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பது ரிசர்வ் வங்கி விதி.

எல்லாரும் போய்க் கடன் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஓரிரு ஆண்டில் செக்கோ, மாட்டுக் கொட்டகையோ, சொட்டுநீரோ போட வங்கிக்குப் போக வேண்டியிருந்தால் மட்டும், இப்போதே இதைத் தொடங்குங்கள். தேவையில்லாதவர்கள், கடனில்லாமலே நிம்மதியாக இருங்கள்.