அடிபட்ட பறவையை மருத்துவரிடம் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோடை விடுமுறையில் சென்னை மொட்டைமாடிகளில் பட்டம் ஏறும். நைலான் மாஞ்சாவுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை விதித்தது. ஆனாலும் அறுந்த நூல் இன்னும் மரக்கிளைகளில் தொங்குகிறது. அதில் சிக்கும் பருந்தும் ஆந்தையும் பல நேரம் வந்து சேர்வது, நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் தெருமுனை கிளினிக்குக்குத்தான். அதுவரை அந்த உயிர் தாங்குமா என்பது, கண்டெடுத்தவர் எதையெல்லாம் செய்யாமல் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

1. உதவி தேவையா என்று பாருங்கள்

இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். இறகு முளைக்காத குஞ்சு என்றால், கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல.

ரத்தம், தொங்கும் இறக்கை, சுற்றிய நூல் இருந்தால் தூக்கியே ஆக வேண்டும். பூனை கவ்விய பறவையும் அப்படியே. வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனையின் எச்சிலில் உள்ள கிருமிகள் ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடக்கூடும்.

2. தூக்குவது

துண்டைத் தலையோடு சேர்த்து மேலே போர்த்தி, இறக்கைகளை உடம்போடு அணைத்து எடுங்கள். நெஞ்சை அழுத்தினால் பறவையால் மூச்சு விட முடியாது. பருந்து, ஆந்தைக்கு ஆயுதம் நகம். கால்கள் இருக்கும் இடம் தெரிந்தபின் கை வையுங்கள்.

குரங்கு, கீரி, வௌவால், பாம்பு இவற்றைத் தொடவே வேண்டாம். வனத்துறையை அழையுங்கள்.

3. நூலை இழுக்காதீர்கள்

மாஞ்சா இறக்கைச் சவ்வுக்குள் புதைந்திருக்கும். இழுத்தால் தசையும் கிழியும். இருபுறமும் ஒரு சாண் விட்டுக் கத்தரித்து, மிச்சத்தை மருத்துவரிடம் விடுங்கள்.

4. இருட்டான பெட்டி

காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி. கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு முறியும். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது, படம் எடுப்பது, குழந்தைகளுக்குக் காட்டுவது எல்லாமே அதற்கு வதை. காட்டுப்பறவைக்கு நாம் பகைவர்கள்தான். காயத்தால் சாகாதது பயத்தால் சாகும்.

5. தண்ணீர் புகட்டாதீர்கள்

பரிவோடு செய்யும் கொடுமை இதுதான். பறவையின் மூச்சுக்குழல் வாய், நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பால், சோறு, பிரெட் எதுவும் வேண்டாம். அதிர்ச்சியில் குளிர்ந்து கிடக்கும் உடம்புக்கு முதலில் வேண்டியது சூடு. வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஓர் ஓரத்தில் வையுங்கள்.

6. கிளினிக்கில்

முதலில் போன் செய்யுங்கள். ஆடு மாடு பார்க்கும் கால்நடை மருந்தகத்தில் பறவைக்கேற்ற கருவி இல்லாமல் போகலாம். அப்போதும் வலி மருந்து, தோலுக்கடியில் திரவம், ரத்தத்தை நிறுத்தும் கட்டு ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள், பறவை பார்க்கும் மருத்துவமனைக்குப் போகும் பயணத்துக்கு அவை போதும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் விலங்குநல அமைப்பான புளூ கிராஸும் இருக்கின்றன. இறக்கைக் கட்டு தேவைக்கு மேல் நீடித்தால் மூட்டு இறுகிவிடும். எப்போது பிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் அறையில் நாய்கள் இருந்தால் பெட்டியோடு வெளியே நில்லுங்கள்.

7. வனத்துறைக்குச் சொல்லுங்கள்

இதைத் தள்ளிப்போட வேண்டாம். சட்டப்படி காட்டுயிர் அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. கிளி குணமாகிப் பழகிவிட்டது என்று வீட்டில் வைத்துக்கொள்வதும் குற்றம்தான். ஒப்படைக்கும்போது, எடுத்த தெருவையும் மரத்தையும் எழுதிக் கொடுங்கள். தேறிய பறவையை அதே இடத்தில் விட்டால்தான் இணையையும் இரையையும் அதனால் கண்டுபிடிக்க முடியும்.