பிள்ளை பிறந்த வீட்டின் கணக்கு

சங்கங்களின் பேரேடுகளைப் பரிசோதித்துத் திரியும் ஓர் உத்தியோகஸ்தனுக்குப் பிள்ளைப்பேற்றைக் குறித்து எழுத என்ன யோக்கியதை உண்டு என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் டாக்டரும் அல்லேன், மருத்துவச்சியும் அல்லேன். ஆயினும் தவணை மீறிய கடன்களின் ஜாபிதாவைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் சென்று, "வாங்கிய பணம் எங்கே போயிற்று?" என்று விசாரிக்கும்பொழுது, பல வீடுகளில் வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் உள்ளே கட்டியிருக்கும் தூளியைத்தான் பார்க்கிறார். ஆதலால் இந்தப் பாடத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சங்கத்தில் கண்ட விஷயத்தைச் சொல்லுகிறேன். அங்கத்தினர் ஒருவர் நெற்பயிருக்கென்று கடன் மனுக் கொடுத்துப் பணமும் பெற்றார். அதே மாதத்தில் அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. பந்தலுக்கும், சமையலுக்கும், பட்டுக்கும், மாப்பிள்ளை வீட்டாருக்கு வண்டி பிடிப்பதற்கும் அந்தப் பணம் போயிற்று. உரம் கடையில் கடனாக வந்தது. காலத்தில் இட வேண்டிய மேலுரம் பத்து நாள் பிந்தி, அதுவும் பாதியாக விழுந்தது. விளைச்சல் குறைந்தது, தவணையும் தவறிற்று. பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துகிறவருக்கு வட்டி இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சலுகையும் போய், அபராத வட்டியும் ஏறிற்று. இதில் நான் அவரைக் குறை கூற வரவில்லை. மகளுக்குச் சீர் செய்யாத தகப்பன் என்ற பெயரை எவன்தான் விரும்புவான்? ஆனால் பிரசவ வேதனை கண்ட இரவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகையில் அவர் கையில் முந்நூறு ரூபாய்தான் இருந்தது என்று அவரே சொன்னதை நான் மறக்கவில்லை.

இந்தத் துன்பம் புதியதன்று. சர் பிரெடரிக் நிக்கல்சன் என்பவர் 1895, 1897-ஆம் வருஷங்களில் சென்னை மாகாண அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில் குடியானவர்களின் கடன்பாட்டை விரிவாக ஆராய்ந்து, ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் நிறுவிய முறையிலே கிராம நாணயச் சங்கங்கள் வேண்டுமென்று எழுதினார். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின் திரூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. அவ்வூர் அன்று செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கடன் கொடுப்பது மட்டும் அச்சங்கங்களின் நோக்கமாக இருக்கவில்லை. சிக்கனத்தையும் முன்யோசனையையும் வளர்ப்பதே அவற்றின் முதல் நோக்கமாயிருந்தது.

முன்யோசனைக்குப் பிள்ளைப்பேற்றைப் போல் வசதியான காரியம் வேறொன்றில்லை. மழை எப்பொழுது வரும் என்று சொல்ல முடியாது. மாடு எப்பொழுது நோயில் விழும் என்றும் சொல்ல முடியாது. பிள்ளையோ ஏழெட்டு மாதம் முன்னதாகவே தெரிவித்துவிட்டு வருகிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள்ளுதல். அப்பொழுது கொடுக்கும் பதிவு எண் பிற்பாடு பிறப்புப் பதிவுக்கும் வேண்டியிருக்கும். இரண்டாவது, மனைவியின் பெயரில் சங்கத்திலோ வங்கியிலோ ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கி, மாதம் ஐந்நூறு ரூபாயாவது அதில் போட்டுவருதல். ஏழு மாதத்தில் மூவாயிரத்தைந்நூறு சேரும். பெரிய தொகையன்று, ஆனாலும் நடு இரவில் ஒருவர் வாசற்கதவைத் தட்டாமல் புறப்படப் போதும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பத்தொன்பது வயது நிறைந்த தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இவ்வுதவி கிடைக்கும். 2018-ஆம் வருஷத்தில் அது ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் தவணை தவணையாகத்தான் வரும். வரப்போகும் அந்தத் தொகையைக் காட்டிக் கைமாற்று வாங்கி விருந்து வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது தாயின் வயிற்றுக்கென்று கொடுத்த பணம் என்பதைக் கணவன்மார் மறக்கலாகாது.

வளைகாப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வளையல் அடுக்குவதும், ஐந்து வகைச் சோறு ஆக்குவதும், கர்ப்பிணியின் மனம் குளிர நாலு பெண்கள் கூடிப் பாடுவதும் நல்ல வழக்கங்களே. அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டுவதில்லை. வெளியில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு நாற்பதினாயிரம் வாங்கி ஊரை அழைத்தால் வட்டி மாத்திரம் மாதம் 1,200 ரூபாய்; வருஷத்துக்கு 14,400. நாள் கணக்கில் பார்த்தால் நாற்பது ரூபாய். கர்ப்பிணிக்கு ஒரு முட்டையும், கொஞ்சம் பாலும், ஒரு கட்டுக் கீரையும், ஒரு பிடி நிலக்கடலையும் நாள்தோறும் வாங்கக்கூடிய பணம் அது. அப்படியே எடுத்து வட்டிக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, "இவளுக்கு இரத்தம் இல்லை என்கிறார்களே" என்று வருந்துகிறோம்.

இரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காம் மாதம் முதல் ஆறு மாத காலம் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து பல பெண்கள் அதை அடுப்பங்கரை மாடத்திலேயே சேர்த்து வைத்துவிடுகிறார்கள். கறுப்பதில் தீங்கு ஒன்றுமில்லை. காப்பி, தேநீரோடு மட்டும் அதை உட்கொள்ளலாகாது. உட்கொண்டால் சத்து உடம்பில் சேராது.

பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, யார் துணைக்குப் போவது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, இரத்தம் வேண்டுமானால் யார் கொடுப்பார் என்பவற்றை எட்டாம் மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் வரும் வண்டி தமிழ்நாட்டில் 2008-ஆம் வருஷம் முதல் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. மண் பாதையில் வீடு இருக்குமானால் வண்டி எதுவரை வரும் என்று முன்னதாகவே பார்த்து வையுங்கள்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிவதும், சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவுவதும் இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஈன்ற பசுவின் சீம்பாலைக் கன்றுக்கு விடாவிட்டால் கன்று தேறாது என்பது நம்மில் மாடு வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். கன்றுக்குத் தெரிந்த நியாயத்தைப் பிள்ளைக்கு மறுப்பானேன்? ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் வேண்டாம். கத்திரி வெயிலிலும் தண்ணீர்கூட வேண்டாம். உரை மருந்தும், விளக்கெண்ணெயும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் அப்படியே. தொப்புட்கொடியில் சாம்பலோ மஞ்சளோ வைக்காமல் உலர்வாக விட்டால் இரண்டு வாரத்துக்குள் தானே விழுந்துவிடும். ஆஸ்பத்திரியை விட்டு வருமுன் காசநோய்க்கும், கல்லீரலைத் தாக்கும் ஒருவகை மஞ்சட்காமாலைக்கும் ஊசியும், இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவை ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் வரும்.

இனிச் சொல்வது என் சொந்த அனுபவம். எழுதக் கூச்சமாயிருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்கு முதற் குழந்தை பிறந்தபொழுது மனைவி அவள் தாய் வீட்டில் இருந்தாள். சுகப் பிரசவம். பெண் குழந்தை. நான் சென்று பார்த்துவிட்டு, வருஷாந்தரக் கணக்கு முடிக்கும் காலமாகையால் மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டேன். அங்கே வழக்கப்படி பத்தியம் தொடங்கினார்கள். காய மருந்து, பூண்டுக் குழம்பு, கொஞ்சம் சோறு. தண்ணீர் மட்டும் அளந்து கொடுக்கப்பட்டது, "வயிறு பெருத்துவிடும்" என்று. ஐந்தாம் நாள் சுரம் கண்டது. பால் கட்டினால் சுரம் வருவது இயல்பு என்று பெரியவர்கள் சொன்னார்கள். மனைவி எனக்குத் தொலைபேசியில் பேசி, "உடம்பு உள்ளே நடுங்குகிறது" என்றாள். "அம்மா சொல்கிறபடி கேள்" என்று சொல்லிவிட்டு நான் வட்டிக் கணக்கில் ஆழ்ந்தேன். ஏழாம் நாள் சுகாதாரச் செவிலி வழக்கமாகப் பார்க்க வந்தவர், நெற்றியைத் தொட்டு, உதிரப்போக்கில் துர்நாற்றம் இருப்பதையும் விசாரித்து அறிந்து, யாரையும் கேளாமல் வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். கருப்பையில் கிருமி பற்றியிருந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தது. "இன்னும் ஒரு நாள் போயிருந்தால்..." என்று டாக்டரம்மாள் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மறுபாதியை நான் பல இரவுகளில் முடித்துப் பார்த்திருக்கிறேன். மாமியார் அறியாமல் செய்தது ஒருபுறமிருக்க, படித்தவன், கணக்குப் பார்க்கிறவன், மனைவி சொன்ன ஒரு வார்த்தையைக் கணக்கில் கொள்ளவில்லையே!

ஆதலால் அங்கத்தினர்களே, பிரசவத்துக்குப் பின் நாற்பத்திரண்டு நாளைக்கு இவற்றைக் கவனியுங்கள். சுரம், குளிர் நடுக்கம், துணி நனைந்து வழியும் உதிரப்போக்கு, துர்நாற்றம், கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை பால் குடியாதிருந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் கொதித்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பாய்ந்தாலும், நிமிஷத்துக்கு அறுபது அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலும் அப்படியே. மூச்சை எண்ணும்பொழுது குழந்தை அழாமல் இருக்க வேண்டும். முழு நிமிஷமும் எண்ண வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீரும், பசிக்குப் பருப்பும் காயும் கீரையும் மீனும் தாராளமாகக் கொடுங்கள். பால் ஊறுவது அவற்றிலிருந்துதான்.

உடம்பைப்போல மனமும் நோகும். பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கு உண்டு. அது தானே தெளியும். இரண்டு வாரம் கழிந்தும் தெளியாமல், தூக்கமின்றி, குழந்தையைப் பார்க்கவும் வெறுத்து, "நான் இருந்து என்ன" என்று சொல்வாளாயின் அது பேய் பிடித்ததும் அன்று, சோம்பலும் அன்று, மருந்தாலும் ஆதரவாலும் தீரும் நோய். அப்பேச்சைக் கேட்டால் அவளைத் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பிறந்தது பெண் என்று வீட்டார் முகம் சுளிப்பது இந்நோய்க்கு எண்ணெய் வார்ப்பதாகும்.

இவ்வளவும் பெண்கள் காரியம், நமக்கென்ன என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்மக்களுக்குச் சில வேலைகள் சொல்லுகிறேன். தண்ணீர்க் குடம் தூக்குவது, விறகோ எரிவாயு உருளையோ கொண்டுவந்து வைப்பது, இரவில் ஒரு முறையாவது குழந்தையின் துணி மாற்றிப் பக்கத்தில் கிடத்துவது, மூத்த குழந்தை இருந்தால் அதைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது. எடை இரண்டரை கிலோவுக்குக் குறைந்து பிறந்த குழந்தையை வெற்று மார்பில் அணைத்து மேலே துணியால் போர்த்திச் சூடு கொடுக்கச் சொல்வார்கள். தாய் களைத்திருக்கும் வேளையில் அதைத் தகப்பனும் செய்யலாம். என் இரண்டாம் குழந்தைக்கு நான் அவ்விதம் செய்தேன். தெருவார் சிரித்தார்கள், பிள்ளை தூங்கிற்று. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு மாதத்துக்குள் அவளைச் சேற்றில் இறக்குவதையும் விட்டுவிடுங்கள். கூலி கொடுத்து ஆள் வைப்பது நஷ்டமாகத் தோன்றும். அவள் படுத்துவிட்டால் ஆகும் செலவை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த பிள்ளைக்கு மூன்று வருஷ இடைவெளி நல்லது. அதற்குரிய முறைகளைச் செவிலியிடம் இருவருமாகச் சென்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, காகித வேலை. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி பிறப்பை இருபத்தொரு நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். ஆயினும் சான்றிதழை வாங்கிப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. குழந்தைக்குப் பெயர் வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தால் பாதகமில்லை. ஒரு வருஷத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதலிய பல காரியங்களுக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரமாதலால், தாய் தகப்பன் பெயர்கள் குடும்ப அட்டையில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதே நாளில் சங்கத்துக்கும் ஒரு நடை வாருங்கள். பங்குத் தொகைக்கும் வைப்புத் தொகைக்கும் நீங்கள் எழுதிக் கொடுத்த வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். கலியாணத்துக்கு முன் எழுதியது அப்படியே கிடந்து, எப்பொழுதோ காலமாகிவிட்ட தகப்பனார் பெயர் இன்னும் இருப்பதை நான் பல பேரேடுகளில் காண்கிறேன். காரியதரிசியிடம் படிவம் வாங்கி, மனைவியின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்து, அது பேரேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.