வீட்டு முயலின் உடல்நலமும் ஆகாரமும்

ஆடு, மாடு, கோழி ஆகியவற்றின் பராமரிப்பு நமது கிராம மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். வீட்டு முயல் அப்படிப்பட்டதன்று. அது நமது ஊர்களுக்குப் புதிய பிராணி. புதுக்கோட்டை மாவட்டத்தில் சில குடும்பங்கள் சிறு வருமானத்தை எண்ணியும், வேறு சில குடும்பங்கள் குழந்தைகளின் ஆசைக்காகவும் ஒரு ஜோடி முயலை வாங்கி வளர்க்கின்றன. அவற்றுள் பல, ஆண்டு ஒன்று நிறைவதற்குள் இறந்து விடுகின்றன. வளர்த்தவர்கள் “கண் பட்டுவிட்டது” என்றோ, “முயல் நம் மண்ணுக்கு ஒத்து வராது” என்றோ கூறி மனத்தைத் தேற்றிக் கொள்கிறார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் தீவனத்திலேயே இருக்கிறது. முயலுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்பதைத் தெரிந்து கொண்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் மாவட்டத்துப் புதர்களிலும் கடலைக் கொல்லைகளிலும் ஓடித் திரிவது காட்டு முயல். வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டுப் பகுதியில் தோன்றிய வேறு இனம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து குட்டி ஈனுவதில்லை. காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதை வலை வைத்துப் பிடிப்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். ஆகவே, வளர்க்க விரும்புவோர் வளர்ப்பு இனங்களையே வாங்க வேண்டும். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகியவை தமிழ்நாட்டில் அறிமுகமானவை.

இவ்வினங்கள் குளிர்ந்த சீதோஷ்ணத்தை விரும்புபவை. நீலகிரியில் சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு இன ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்திலும் முயல் வளர்ப்புப் பணி நடைபெற்று வருகிறது. இரண்டும் மலைப் பிரதேசங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெயில் மிகுந்த நமது சமவெளியில் வளர்ப்பவர் அதற்கேற்ற கூடுதல் கவனம் செலுத்துதல் அவசியம்.

வயிற்றின் அமைப்பு

முயலுக்குப் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்து கொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்திற்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. நார் நிறைந்த புல்லை நாள் முழுவதும் அரைத்துத் தின்றால்தான் அவை தேய்ந்து அளவாக இருக்கும். மெதுவான சோறும் ரொட்டியும் தின்று பழகிய முயலுக்குப் பற்கள் நீண்டு வளைந்து, நாக்கையும் கன்னத்தையும் குத்தும். பிறகு அது எதையும் தின்ன முடியாமல் மெலிந்து போகும்.

முயலின் பெருங்குடலோடு சேர்ந்த ஒரு பெரிய பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லிலுள்ள நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுபவை அவையே. மாவும் சர்க்கரையும் மிகுதியாகச் சென்றால் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, தீயவை பெருகி, நஞ்சையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. முயலால் வாந்தி எடுக்க முடியாது. உட்கொண்ட தீய பொருளை வெளியேற்ற வழியின்றி வயிறு உப்பி, ஓரிரு நாட்களிலேயே அது இறந்து விடக்கூடும்.

இங்கு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இரவிலும் விடியற்காலையிலும் முயல் குனிந்து தன் மிருதுவான எச்சத்தைத் தானே உண்ணும். இதைக் கண்டு சிலர் அருவருப்படைந்து, நோய் என்று எண்ணுகின்றனர். இது நோயன்று. பசு அசை போடுவதைப் போல, முயல் தன் உணவை இரண்டாம் முறை ஜீரணித்துப் புரதத்தையும் வைட்டமின்களையும் பெறும் இயற்கை வழி இது. இதைத் தடுக்கலாகாது.

அன்றாட ஆகாரம்

வளர்ந்த முயலின் உணவில் பெரும்பகுதி உலர்ந்த புல்லாகவும் பசும்புல்லாகவும் இருக்க வேண்டும். அறுகம்புல்லும் வரப்புப் புல்லும் நம் ஊர்களில் எளிதில் கிடைப்பவை. இவற்றோடு வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை ஆகியவற்றின் தழைகளைச் சேர்க்கலாம். மருந்து தெளித்த வயலின் புல்லையும், சாலையோரச் சாக்கடைப் புல்லையும் தவிர்க்க வேண்டும். மழையில் நனைந்த தழையைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளித்து விடும். அதை நிழலில் பரப்பி வாட விட்டுக் கொடுப்பது நல்லது.

தானியக் கலவையை உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் வரை கொடுத்தால், வீட்டில் செல்லமாக வளரும் முயலுக்குப் போதுமானது. குட்டி ஈனும் முயலுக்கும் பாலூட்டும் முயலுக்கும் இதைவிட அதிகம் தேவைப்படும். குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும். கனமான மண்சட்டியில் வைத்தால் முயல் அதைக் கவிழ்க்காது. எந்தப் புதிய தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். தாயைப் பிரிந்த இளங்குட்டிகளுக்கு இந்த விதி மிகவும் முக்கியமானது.

ஆசைக்குக் கொடுக்கும் பண்டங்கள்

முயல் இனிப்பை மிகவும் விரும்பும். அது விரும்பித் தின்கிறது என்பதால் அது நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. எமது வட்டாரத்து ஊர் ஒன்றில் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவர் நான்கு முயல்களை நன்றாக வளர்த்து வந்தார். பொங்கலன்று வீட்டுக்கு வந்த பிள்ளைகள் சர்க்கரைப் பொங்கலையும் கரும்புத் துண்டுகளையும் ஆளுக்குக் கொஞ்சமாக ஊட்டினார்கள். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் இரண்டு முயல்கள் வயிறு உப்பி இறந்தன. அவற்றுள் ஒன்று சினையாக இருந்தது. ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு கவளமே. முயலின் வயிற்றுக்கு அது மொத்தமாகச் சேர்ந்து பெருஞ்சுமையாயிற்று.

ஆகையால் கீழ்க்கண்ட அளவை நினைவிற் கொள்ள வேண்டும். 3 கிலோ எடையுள்ள முயலுக்கு ஒரு தேக்கரண்டி அளவுள்ள பழத்துண்டு, வாரத்திற்கு இரண்டு முறை போதும். வாழைப்பழம், பப்பாளி, கொட்டை நீக்கிய கொய்யா ஆகியவை ஏற்றவை. காரட் கிழங்கிலும் சர்க்கரை உண்டு. எனவே அதையும் பழத்தின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். தினந்தோறும் ஏதேனும் கையால் ஊட்ட ஆசைப்படும் குழந்தைகளிடம் கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை, முருங்கைக் கீரை இவற்றுள் ஒரு சிறு கொத்தைக் கொடுக்கலாம். குழந்தையின் ஆசையும் நிறைவேறும், முயலுக்கும் தீங்கில்லை.

வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் பலாப்பழக் காலத்தில் சுளைகளை முயலுக்குப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். பலாச்சுளையில் சர்க்கரை மிகுதி.

கொடுக்கலாகாதவை

சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், மிட்டாய், சாக்லேட், பால் ஆகிய எதுவும் முயலுக்கு ஆகாரம் அல்ல. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடி, தக்காளி இலை ஆகியவை தீங்கு தருபவை. அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியவை நஞ்சு. மரவள்ளி இலையிலும், தண்ணீரின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும் சயனைடு நஞ்சு உண்டு. இளஞ்சோளம் மேய்ந்து மாடு விழுந்ததைக் கண்ட விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சவுண்டல் தழை மிகுந்தால் முயலின் ரோமம் கொட்டும்.

நமது மாவட்டத்தினர் தனியாகக் கவனிக்க வேண்டியது நிலக்கடலை. ஆலங்குடி, திருவரங்குளம் பகுதிகளில் கடலை விளைவதால் கழித்த பருப்பும் பிண்ணாக்கும் மலிவாகக் கிடைக்கின்றன. ஈரத்தில் வைத்த கடலையில் படரும் ஒருவகைப் பச்சைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டில் பூஞ்சணம் பிடித்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அந்த ஆராய்ச்சியிலிருந்தே இந்நஞ்சை உலகம் அறிந்தது. இதனால் மிக எளிதில் பாதிக்கப்படும் பிராணிகளுள் முயலும் ஒன்று. ஈரல் கெட்டு, தீனி மறுத்து இறக்கும். வெயிலில் காய வைத்தாலும் வறுத்தாலும் இந்நஞ்சு முழுவதும் போகாது. பூஞ்சண வாடை வீசும் கடலையும் பிண்ணாக்கும் எந்தக் கால்நடைக்கும் உதவா.

வெயிலும் மழையும்

முயலுக்கு வியர்க்காது. தன் உடற்சூட்டைக் காதுகளின் வழியாகவே பெரிதும் தணித்துக் கொள்ளும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது தவிக்கத் தொடங்கும். கடாக்கள் தற்காலிக மலட்டுத் தன்மை அடைவதும் உண்டு. கத்திரி வெயில் காலத்தில் கூண்டை மரநிழலிலோ கீற்றுக் கொட்டகையிலோ வைத்து, மேற்குப் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்க விட வேண்டும். தகரக் கூரை ஆகாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் முயலை உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, காதுகளை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முக்கலாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டு ஈரமானால் இரத்தக் கழிச்சல் நோய் பரவி இளங்குட்டிகளைக் கொல்லும். தினமும் எச்சத்தை அகற்றி, கூண்டை உலர்ந்த நிலையில் வைப்பதே அதற்குச் சிறந்த காப்பு.

நோயின் அறிகுறிகளும் மருந்தும்

காலையும் மாலையும் கூண்டைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தீனி உண்டதா, எச்சம் உருண்டையாக இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, காதினுள் பொருக்குத் தட்டியிருக்கிறதா, பாதங்களில் புண் உண்டா என்று கவனிக்க வேண்டும். 12 மணி நேரம் தீனி தின்னாமலும் எச்சம் போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாகாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம்.

மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடித்துப் புகட்டும் வழக்கத்தை அறவே விட வேண்டும். ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து, மருந்தே உயிரைப் போக்கும். நாய்க்கு உண்ணி நீங்கத் தெளிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. உடலில் சொறி கண்ட முயலைத் தொட்டவர் கையைச் சோப்பினால் கழுவ வேண்டும். அவ்வகைச் சொறி மனிதருக்கும் தொற்றக்கூடியது.

ஊராட்சி செய்யக்கூடியவை

இதில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் பங்கு உண்டு. கால்நடை மருத்துவ முகாம் நடைபெறும் நாளை முன்கூட்டித் தெரிவிக்கும்போது, முயல்களையும் கொண்டு வரலாம் என்று சேர்த்து அறிவிக்கலாம். பொது இடங்களில் வேலிமசால், அகத்தி வளர்க்க ஏற்பாடு செய்தால் முயலுக்கு மட்டுமன்றி ஆடுகளுக்கும் பசுந்தீவனம் கிடைக்கும். காட்டு முயல் வேட்டை சட்ட விரோதம் என்பதைக் கிராம சபையில் எடுத்துக் கூறலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழத்துண்டின் அளவை ஆசிரியர் வாயிலாகச் சொல்லி வைத்தால், அது வீடுதோறும் சென்று சேரும்.

முயல் கத்தி அழைக்காது. வலியையும் காட்டிக் கொள்ளாது. கூண்டில் புல் நிறைந்திருக்கிறதா, சட்டியில் தண்ணீர் இருக்கிறதா, எச்சம் ஒழுங்காக விழுகிறதா என்று வளர்ப்பவர்தான் பார்க்க வேண்டும். இனிப்பு வைத்திருக்கும் கையைச் சற்று அடக்கிக் கொண்டு, புல்லை ஏந்தும் கையைத் தாராளமாக நீட்டினால், நம் மாவட்டத்திலும் வீட்டு முயல் ஆரோக்கியமாக வாழும்.