பாட்டி சொன்ன சூடு

அரசாங்க கிளினிக் ஒன்றில் நடக்கக்கூடிய ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். படிவம் இரண்டில் பயிலும் மாணவன் ஒருவன் தன் பாட்டியை அழைத்து வந்திருக்கிறான். பாட்டிக்கு நீரிழிவு நோய் உண்டு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர், கடைத்தெருவில் பேசும் அளவுக்கே மலாய் தெரியும். மருத்துவர் கேட்பதைப் பேரன்தான் மொழிபெயர்க்கிறான்.

“பாட்டி, ஒடம்புக்கு என்னான்னு டாக்டர் கேட்கிறாரு.”

“ரெண்டு நாளா ஒரே சூடுப்பா.”

பேரன் தயங்காமல், “பாடான் பானாஸ்” என்கிறான். அதைக் கேட்ட மருத்துவர் காய்ச்சல் என்று எண்ணி வெப்பமானியை எடுக்கிறார். அதுவோ 36.8 பாகை காட்டுகிறது. காய்ச்சல் இல்லை!

சொல்லுக்குச் சொல் பார்த்தால் பேரனின் மொழிபெயர்ப்பில் பிழையில்லை. ஆனால், கண்ணெரிச்சல், வாய்ப்புண், வயிற்றுவலி, நீர்க்கடுப்பு என எல்லாவற்றையும் நம் வீட்டுப் பெரியவர்கள் ‘சூடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அந்தச் சூட்டை அளக்க வெப்பமானியால் முடியாது.

அருகிலிருந்த மலாய்த் தாதிக்கு ஓர் ஐயம் எழுகிறது. “ஆச்சி, டுரியான் சாப்பிட்டால் வருமே, அந்தச் சூடா?” என்று எளிய மலாயில் கேட்கிறார். பாட்டியின் முகம் மலர்கிறது. டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்ற நம்பிக்கை மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரிடமும் உண்டு. இதற்கு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

“எந்த இடத்தில்?” என்று தாதி கேட்டதும் பாட்டி பேரனைப் பார்த்துவிட்டுத் தலைகுனிகிறார். தாதி புரிந்துகொள்கிறார். பேரனை வெளியே அமரச் சொல்லி, திரையை இழுத்துவிட்டு, தமிழ் தெரிந்த பெண் ஊழியர் ஒருவரை அழைத்து வருகிறார். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்பதைப் பாட்டி அப்போதுதான் சொல்கிறார். பரிசோதனையில் கிருமித்தொற்று தெரியவருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தொற்று எளிதில் ஏற்படும். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இது வரக்கூடும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை பரவலாம்.

உங்களுள் பலர் வீட்டுப் பெரியவர்களுக்காக மொழிபெயர்த்திருப்பீர்கள். அது நல்ல பணிதான். எனினும், பேரப்பிள்ளையின் வாய்வழியாகச் சொல்ல முடியாத செய்திகளும் உண்டு. “இங்கே தமிழ் பேசுபவர் இருக்கிறாரா?” என்று நீங்களே கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நோன்பு மாதத்திலும் இதே நிலைதான். “நோன்பு வேண்டாம்” என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் மருத்துவரிடம் நீரிழிவு நோயாளி வெறுமனே தலையாட்டிவிட்டுப் போகலாம். “நோன்பு வைக்க எண்ணியிருக்கிறீர்களா?” என்று கேட்பவரிடம்தான் உண்மையைச் சொல்வார். நோன்பு அவருக்கு ஏற்றதா, மாத்திரையின் அளவையும் வேளையையும் எப்படி மாற்றுவது என்பதை அதன் பிறகே பேச முடியும்.

சரி, பாட்டியிடம் வருவோம். மருந்துச் சீட்டை வாங்கியவர், “இந்த மாத்திரை சூடாச்சே, பார்லித் தண்ணி குடிக்கலாமா?” என்கிறார். ஊழியர் அதை அப்படியே மொழிபெயர்க்கிறார். மருத்துவர் சிரிக்கவில்லை. “குடிக்கலாம், சீனி போடாமல். ஆனால், எரிச்சல் நின்றுவிட்டாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது” என்கிறார். பிறகு, பாட்டியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்கிறார்.

பாட்டி விரல்விட்டு எண்ணுகிறார். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏழு நாளைக்கு. பார்லிக்குச் சீனி கெடையாது.”