தொல்லியல் அறிஞர் மார்கரெட்டே பீபர்: வாழ்வும் ஆய்வும்

முன்னுரை

ஒரு நாடகத்தின் சொற்கள் ஏட்டில் எஞ்சிவிடுகின்றன. அச்சொற்களைப் பேசிய நடிகன் எவ்வாறு நின்றான், என்ன உடுத்தினான், அவன் முகமூடி எத்தகையது என்பனவற்றை ஏடு சொல்வதில்லை. கிரேக்க நாடகங்களைப் பயில்வோர்க்கு இக்குறை நெடுங்காலம் இருந்தது. ஏடு சொல்லாததைச் சிற்பத்திடமும் பானை ஓவியத்திடமும் கேட்டறியலாம் என்று வாழ்நாள் முழுதும் உழைத்துக் காட்டியவர் ஜெர்மானியத் தொல்லியல் அறிஞர் மார்கரெட்டே பீபர் அம்மையார் ஆவார். அவர்தம் ஆய்வு நெறியை அறிவதோடு, அவர் கற்ற வழியையும் அறிந்து கொள்வது நமக்குப் பயன் தரும். அவ்வழியில் மூடிய கதவுகளும் இருந்தன. அவற்றைத் திறந்த கைகளும் இருந்தன.

இளமையும் கல்வியும்

பீபர் 1879ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், அன்றைய மேற்குப் பிரஷ்யாவின் ஷோனௌ என்னும் சிற்றூரில் வசதி வாய்ந்த யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. பல்கலைக்கழகம் புகுவதற்குரிய பள்ளி இறுதித் தேர்வுக்குப் பயிற்றும் பள்ளிகள் அக்காலத்தில் ஆண்களுக்கே உரியனவாக இருந்தன. பெண் கல்விக்காகப் பாடுபட்ட ஹெலனே லாங்கே அம்மையார் பெர்லின் நகரில் பெண்களுக்கெனத் தனி வகுப்புகளைத் தொடங்கியிருந்தார். பீபர் அங்குச் சென்று பயின்று, 1901இல் தோர்ன் நகரில் அத்தேர்வில் வெற்றி பெற்றார்.

எனினும், பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவர்களாகப் பதிவு செய்ய ஒப்புக் கொண்டது 1908ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பேராசிரியரின் இசைவு பெற்று வகுப்பில் அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே. பீபர் அவ்வாறு அமர்ந்து கேட்டே கற்றார். பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேயார்க் லோஷ்கே அவரை ஏற்றுக் கொண்டு வழிகாட்டினார். பெண்களுக்குப் பதிவுரிமை கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே, 1907இல், பீபர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார் என்பது எண்ணத்தக்கது. 1909இல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் பயண உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதற்பெண் அவரே. ஏதென்சிலும் ரோமிலும் தங்கிப் பழம்பொருள்களை நேரிற்கண்டு ஆராயும் வாய்ப்பு இவ்வாறு அமைந்தது.

அரங்க ஆய்வு

டிரெஸ்டன் நகரில் உள்ள, நடிகர் ஒருவரைக் காட்டும் புடைப்புச் சிற்பமே பீபரின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். அன்று தொட்ட துறையை அவர் இறுதிவரை விடவில்லை. பானை ஓவியங்கள், சுடுமண் பாவைகள், முகமூடி வடிவங்கள், அரங்கங்களின் இடிபாடுகள் ஆகியவற்றைத் திரட்டி 1920இல் பண்டைய அரங்கச் சின்னங்கள் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பெருநூல் வெளியிட்டார். பின்னர் ஆங்கிலத்தில் எழுதிய கிரேக்க, ரோமானிய அரங்க வரலாறு 1939இல் வெளிவந்தது. 1961இல் அதன் திருந்திய பதிப்பு எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்களுடன் வந்தது.

இவ்வாய்வின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். துன்பியல் நாடக நடிகர் மிக உயர்ந்த அடிப்பாகம் கொண்ட காலணி அணிந்தனர் எனப் பிற்கால நூல்கள் கூறும். ஆனால் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுப் பானை ஓவியங்களில் நடிகர் அணிந்திருப்பது தட்டையான, மென்மையான காலணியே. உயர்ந்த அடிப்பாகம் பிற்காலப் படைப்புகளில்தான் தோன்றுகிறது. ஒரு காலத்து வழக்கத்தை மற்றொரு காலத்தின்மேல் ஏற்றிவிடாமல் நம்மைக் காப்பது இத்தகைய பொருட்சான்றே. இலக்கியம் பயிலும் எம்மொழி மாணவர்க்கும் இது பொருந்தும்.

ஆடை ஆய்வு

பீபரின் மற்றொரு பெரும்பணி கிரேக்க ஆடை பற்றியது. கிரேக்கர் ஆடை பெரும்பாலும் உடலளவுக்கு வெட்டித் தைத்ததன்று. தறியிலிருந்து எடுத்த நீள்சதுரத் துணியை மடித்தும், ஊசி குத்தியும், இடையிற் கட்டியும் உடுத்தியதாகும். புடவையும் வேட்டியும் உடுத்தும் நமக்கு இது எளிதில் விளங்கும். தைத்த ஆடைக்குப் பழகிய ஐரோப்பியர்க்கு அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. எனவே பீபர் துணிகளைக் கொண்டு உயிருள்ள மாந்தர்க்கே உடுத்திப் பார்த்து, நிழற்படம் எடுத்துச் சிலைகளோடு ஒப்பிட்டார். 1928இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முறையில் அமைந்தது.

துணி எவ்வாறு விழும் என்று அறிந்தவர்க்குச் சிலையில் உள்ள பொய் மடிப்பும் தெரியும். கிரேக்கச் சிலைகளின் படிகள் எனப்பட்ட ரோமானியச் சிலைகள் பலவற்றில், எவரும் ஒருங்கே உடுத்தியிராத ஆடைக் கலப்பு இருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். அவற்றை வெறும் படிகளாகக் கொள்ளாமல் ரோமானியக் கலையின் ஆக்கங்களாகக் காண வேண்டும் என்பது அவர் முடிபு.

பணியும் பதவி நீக்கமும்

முதல் உலகப்போர்க் காலத்தில் லோஷ்கே பெர்லினில் நோயுற்றபோது அவர்தம் வகுப்புகளைப் பீபரே நடத்தினார். லோஷ்கே 1915இல் மறைந்தார். அவருக்குப்பின் வந்த பேராசிரியர், பீபர் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதைத் தடுத்தார். பீபர் தம் இல்லத்தையே வகுப்பறையாக்கிக் கொண்டார். 1919இல் கீசன் பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரையாற்றும் தகுதியை வழங்கியது. அங்கு அத்தகுதி பெற்ற முதற்பெண் அவர். 1923இல் பேராசிரியர் பட்டமும் கிட்டியது.

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நாஜி அரசு பிறப்பித்த சட்டம், யூதப் பிறப்பினரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது. பீபரும் பதவி இழந்தார். ஐம்பத்து நான்கு வயதை எட்டும் நிலையில், தாம் தத்தெடுத்து வளர்த்த சிறுமியோடு அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அவரை ஏற்றுக் கொண்டவை எவை என்பது நம் கவனத்திற்குரியது. முதலில் இடமளித்தது ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரி. 1934இல் அழைத்துக் கொண்டது நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரி. இரண்டும் மகளிர்க்கெனத் தோன்றியவை. பெண்களுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்ட காலத்தில் நிறுவப்பட்டவை. சிறுமையாகக் கருதப்பட்டோர்க்காக எழுந்த நிறுவனங்களே, பேரறிஞர் ஒருவர் வீடிழந்து நின்ற வேளையில் அவருக்கு வீடாயின.

பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகி 1948இல் ஓய்வு பெற்றார். அமெரிக்க மாணவர் ஜெர்மன் ஆய்வுகளைப் படித்தறிய உதவும் பாடநூலையும் அவர் தொகுத்தார். தம்மை விரட்டிய நாட்டின் மொழியில் உள்ள அறிவை அவர் வெறுக்கவில்லை. 1955இல் ஹெலனிய காலச் சிற்பம் பற்றிய நூல் வெளிவந்தது. 1974இல் அமெரிக்கத் தொல்லியல் நிறுவனம் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. ரோமானியப் படிகள் பற்றிய பெருநூல் 1977இல் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தொண்ணூற்றெட்டாம் வயதில் அவர் மறைந்தார். கீசன் பல்கலைக்கழகம் 1957இல் அவரைச் சிறப்பு உறுப்பினராக்கிப் பெருமைப்படுத்தியது. இன்று அங்கு ஓர் அரங்கு அவர் பெயரால் வழங்குகிறது.

முடிவுரை

பீபரின் விடாமுயற்சியைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. ஹெலனே லாங்கேயின் வகுப்புகள் இல்லையேல் அவர் பள்ளித் தேர்வே எழுதியிருக்க இயலாது. லோஷ்கே இசையவில்லையேல் பட்டமில்லை. இரு மகளிர் கல்லூரிகள் இல்லையேல் பிற்கால நூல்கள் இல்லை. திறமை ஒருவருடையது, கதவைத் திறப்பது ஒரு சமுதாயத்தின் கடமை.

அறிவைத் தேடுதலைக் கடமையாகக் கொண்டது நம் மார்க்கம். அக்கடமையை உணர்ந்த பெரியோர் நிறுவிய கல்லூரிகளில் பயிலும் மாணவரும் மாணவியரும் பீபரிடம் கற்க வேண்டியது, எந்த ஆணையாலும் பறிக்க முடியாதபடி கல்வியைத் தமதாக்கிக் கொள்ளும் உறுதி. பெரியோர்களாகிய நாம் கற்க வேண்டியது, இன்று வாயிலில் நிற்கும் ஒரு மாணவியை உள்ளே அழைத்தால் அதன் பயன் எழுபது ஆண்டுகள் நீளக்கூடும் என்பது.