எக்மோ என்றால் முடிந்ததா?

"எக்மோவில் வைத்திருக்கிறார்கள்" என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தால், இனி அறிவிப்பு மட்டும்தான் பாக்கி என்று உறவினர்கள் இடிந்துபோகிறார்கள். 2016 டிசம்பரில் முதல்வர் ஜெயலலிதா, 2020 செப்டம்பரில் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்று இரண்டு பெரிய இழப்புகளோடுதான் இந்தச் சொல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. அந்தத் துயரம் உண்மை. அதிலிருந்து பிறந்த நம்பிக்கை உண்மையல்ல.

தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையில் குழாய் செலுத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கித் திருப்பி அனுப்புவதே எக்மோவின் வேலை. நுரையீரல் மட்டும் பழுதென்றால் இரத்தம் சிரைக்கே திரும்பும். இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்குப் போகும். நிமோனியாவை இது குணப்படுத்தாது. ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலை வென்டிலேட்டரின் அழுத்தம் மேலும் புண்ணாக்காமல் ஓய்வு கொடுக்கும், அவ்வளவுதான். அந்த ஓய்வுக்குப் பலன் உண்டா? கடுமையான நுரையீரல் செயலிழப்பில் 249 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஈயோலியா ஆய்வில், 60 நாட்களுக்குள் இறந்தவர்கள் எக்மோ பெற்ற குழுவில் 35 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 46 சதவீதம். இந்த வேறுபாடு புள்ளியியல் விதித்த எல்லையை எட்டவில்லை என்று மறுப்பவர்கள் உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனால் வழக்கமான சிகிச்சைக் குழுவிலும் 28 சதவீதம் பேரை, நிலைமை மோசமானதால், எக்மோவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அது வேறுபாட்டைக் குறைத்துக் காட்டியிருக்கக்கூடும். எக்மோ குழுவில் ஏறக்குறைய மூவரில் இருவர் அந்த 60 நாட்களைக் கடந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் யாரும் வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடந்தவர்கள் அல்லர். ஏழு நாள் ஆகாதவர்களைத்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். எல்லா வழிகளும் அடைபட்ட பிறகு கடைசியாகப் போட்டுப் பார்க்கும் கருவி என்று இதை நினைப்பது அதனாலேயே ஆபத்தானது.

அப்படியானால் உயிருக்குப் போராடும் எல்லோருக்கும் போடலாமே என்பது எதிர்ப்பக்கத்து நம்பிக்கை. மாரடைப்பால் இதயம் துவண்டு, இரத்த ஓட்டம் குலைந்தவர்கள் 400-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் எக்மோ குழுவில் 47.8 சதவீதம், மற்ற குழுவில் 49 சதவீதம். எல்லோருக்கும் வழக்கமாகப் பொருத்துவதில் பலன் தெரியவில்லை. இரத்தக்கசிவோ 9.6 சதவீதத்திலிருந்து 23.4 சதவீதமாக ஏறியது. பெரிய குழாய்களும், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தும் கூடவே கொண்டுவரும் ஆபத்து அது. நுரையீரல் முழுக்கத் தழும்பேறி, மாற்று அறுவை சிகிச்சைக்கும் வழியில்லாத ஒருவருக்கு எக்மோ நாட்களை நீட்டும், நோயை மாற்றாது. பணம் பறிக்கும் கருவி என்ற கோபம் இப்படிப்பட்ட நேரங்களில்தான் மூள்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்த குடும்பத்தின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் குறை கருவியில் இல்லை, யாருக்கு என்ற தேர்வில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு எக்மோ வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், பிழைப்பாரா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பழுதான உறுப்பு மீண்டும் இயங்க வாய்ப்புண்டா, இல்லையென்றால் மாற்று உறுப்புக்கு வழியுண்டா, எத்தனை நாள் பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுப்பீர்கள் என்ற மூன்றையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.